மாசிக்காய் கொடுத்த சம்மதம்

உழவர்கரை,
கார்த்திகை 12, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தங்கை பாக்யலட்சுமிக்கு,

அக்கா தீபலட்சுமி எழுதுவது. கடலூரில் நீயும் வீட்டிலுள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வாயைத் தவிர மற்ற எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ பதினொரு முறை கூப்பிட்டும் நான் போனை எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. பேச முடியவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்பாய். உனக்கு மட்டும் என்று நான் எழுதிய எது உன்னோடு நின்றிருக்கிறது? ஆகவே காகிதம்.

போன வாரம் திங்கட்கிழமை கீழுதட்டின் உள்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. புதன்கிழமைக்குள் துவரம்பருப்பளவு ஆகிவிட்டது. வாய்ப்புண். வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள் நான், இது பத்து நாளில் தானாக ஆறும், அதுவரை வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளித்து, காரத்தையும் புளிப்பையும் விலக்கினால் போதும் என்று எனக்குத் தெரியும். நான் செய்த ஒரே தவறு, இட்லிக்குச் சட்னி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னதுதான். உன் மாமா ஏன் என்றார். காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சூடு" என்றார். இருபத்தெட்டு வருடமாக என் எல்லா நோய்க்கும் அவர் வைத்திருக்கும் ஒரே பெயர் அது, ஜலதோஷத்துக்கும் அதேதான். பிறகு மாடிப்படியில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அரை மணி நேரத்தில் கீழ் வீட்டு ஆதிலட்சுமி மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்தாள். அவள் சும்மா ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூடத் தருபவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று துருவத்தான் வந்தாள் என்பது என் முடிவு. வெள்ளிக்கிழமை என் நாத்தனார் அஞ்சம்மாள் குருசுக்குப்பத்திலிருந்து ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வந்திறங்கினார். மரியாதைக்காக இரண்டையும் தின்றேன். மறுநாள் ஆதிலட்சுமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, அகத்தி சாப்ட்டீங்களா? அது மருந்தையெல்லாம் முறிச்சிடுமே! அப்ப என் கீரை போச்சா?" அதற்கு அஞ்சம்மாள், "உன் கீரைய முறிக்க அகத்தி வேற வேணுமா? அதுல என்னா இருந்துச்சு முறிக்கறதுக்கு?" நான் வாயைத் திறந்தபடி நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், இருவரும் என் தலைக்கு மேல் சண்டை போடுகிறார்கள். எது எதை முறித்தது என்று தெரிய வேண்டுமானால், இன்னொருத்திக்கும் இதே புண் வந்து, அவளுக்கு ஒன்றுமே கொடுக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒருத்தி உழவர்கரையில் கிடைக்க மாட்டாள். யாராவது எதையாவது கொடுத்துவிடுவார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தவளக்குப்பத்திலிருந்து நம் மகள் சத்யப்பிரியாவைப் பெண் பார்க்கப் பத்தரைக்கு வருவதாகப் பேச்சு. பையன் ராஜ்கமல், பாரிசுக்குப் பக்கத்தில் வேலை. என்ன வேலை என்று தரகரைக் கேட்டால் "லொஜிஸ்திக்" என்கிறார். அதற்கு மேல் அவருக்கே தெரியாது. பிரான்ஸ் என்றாலே நம் ஊரில் பாதிப் பேர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். நான் மூன்று வைத்திருந்தேன். சரியாக என்ன வேலை? அங்கே அவனோடு யார் குடியிருக்கிறார்கள்? பாதியில் நிற்கும் பி.எச்டி.யை இவள் முடிக்க விடுவார்களா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். எனக்குக் கல்யாணம் பேசியபோது அப்பா அதைக் கேட்கவில்லை. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

ஒன்பதரைக்கு அஞ்சம்மாள் நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய மாசிக்காயை உரசி, தேனில் குழைத்து, என் உதட்டைப் பிதுக்கி அப்பிவிட்டார். "அரை மணி நேரம் வாயத் தொறக்காத. ஊறற தண்ணிய முழுங்காத, துப்பாத, அடக்கி வச்சிக்க." துவர்ப்புன்னா அப்படி ஒரு துவர்ப்பு, முகமே ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. ஒன்பதே முக்காலுக்கு வாசல்ல கார் வந்து நிக்குது! ரோடு காலியா இருந்துச்சாம். எங்க வீட்டு வாஷ்பேசின் ஹாலில், சோபாவுக்கு நேர் எதிரே. பத்துப் பேர் பார்க்க எப்படித் துப்பறது? சமையல்கட்டுக்குப் போனா அவங்க பெரியம்மாவும் சித்தியும் பஜ்ஜி மாவை எட்டிப் பாத்துட்டு நிக்கறாங்க. பாத்ரூம்ல அவங்க டிரைவர். வந்து உக்காந்துட்டேன். புண்ணு எரியுது, கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது. பையனோட அம்மா செல்வாம்பாள் என்னையே பாத்துட்டு இருந்தவங்க, "பெத்தவ மனசப் பாருங்க, பொண்ணு தூரமா போறாளேன்னு பேச்சே வரல"ன்னு அவங்களும் அழ ஆரம்பிச்சாங்க. காலண்டர் தாளைக் கிழிச்சு மூணு கேள்வியையும் எழுதி உன் மாமா கையில கொடுத்தேன். ஸ்வீட் வாங்கற லிஸ்டுன்னு நெனச்சு மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டார். பையனோட தாய்மாமா, "அம்மா ஒண்ணும் சொல்லலியே, சம்மதம்தானே?"ன்னார். கொஞ்சம் பொறுங்கன்னு தலைய ஆட்டினேன். நம்ம ஊர்ல தலைய எந்தப் பக்கம் ஆட்டினாலும் சரின்னுதானே அர்த்தம்? "ஆட்டிட்டாங்க, ஆட்டிட்டாங்க"ன்னு அஞ்சம்மாள் குங்குமச் சிமிழோட ஓடி வந்தாங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தட்டு மாத்தறதுன்னு முடிவாயிடுச்சு.

எனக்கு அஞ்சம்மாள் மேல் சந்தேகம். அண்ணன் மகள் பிரான்சில் இருக்கிறாள் என்று தெருவில் சொல்லிக்கொள்ள அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அந்த அரை மணி நேரக் கணக்கு எந்த வைத்தியத்தில் இருக்கிறது?

ஆகவே நீ எனக்காக ஒன்று செய். தவளக்குப்பம் உனக்கு வழிதான். இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போய், அந்த மூன்றையும் என் பெயரில் கேள். பதில் வரும்வரை வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடு.

பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் மாமியாருக்கு வணக்கம். அங்கே யாருக்காவது வாய்ப்புண் வந்தால் உப்புத்தண்ணீர் கொடு, வெளியே சொல்லாதே.

அன்புடன் அக்கா,
தீபலட்சுமி

பி.கு.: புதன்கிழமை காலை. எழுந்ததும் நாக்கால் தடவிப் பார்த்தேன், வலி இல்லை. எந்தக் கீரையால் என்று மாடிப்படியில் இருவருக்கும் சண்டை நடக்கிறது. இன்று பத்தாம் நாள் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வாய் திறந்ததும் முதல் வேலையாகச் சத்யாவை உட்கார வைத்து மூன்று கேள்வியையும் சொன்னேன். தலை வாரிக்கொண்டே பதில் சொன்னாள். "கிடங்குல சூப்பர்வைசர்மா. கூட அவங்க அக்கா குடும்பம் இருக்கு. பி.எச்டி. முடிச்சிட்டுத்தான் கெளம்புவேன், அதுக்குச் சரின்னா பொண்ணு பாக்க வாங்கன்னு சொல்லிட்டேன்." எப்போடி சொன்னே என்றேன். "ஆடி மாசம், அவர் லீவுல வந்தப்ப." தரகர் ஜாதகம் கொண்டுவந்தது ஐப்பசியில். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் இவளை மட்டும் விட்டுவிட்டேன். அதை யோசித்து முடிப்பதற்குள் செல்வாம்பாளிடமிருந்து போன். "வாய் வலி விட்டுடுச்சா சம்பந்தி? சத்யா சொன்னா" என்றார். "விட்டுடுச்சு சம்பந்தி" என்று என் வாய் சொல்லிவிட்டது. நீ தவளக்குப்பத்தில் இறங்க வேண்டாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் நேராக இங்கே வந்துவிடு.