மச்சான் போட்டுக்கு நான் போட்ட பாலிஷ்

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், தட்டைத் தூக்கி எறிய மாட்டேன். வேலை செய்வேன். அதுதான் பிரச்சினை. கோபத்தில் நான் செய்த வேலைகளில் முதல் இடம், என் மனைவி கஸ்தூரியின் அண்ணன் தேசப்பனுடைய மீன்பிடி ஃபைபர் போட்டுக்குத்தான்.

நான் திருவொற்றியூரில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கிறேன். (கார் கழுவும் கடை இல்லை. இந்த வித்தியாசம் தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.) கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணூர்க் குப்பத்தில் மச்சான் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று விசாரித்தார். மச்சான் வாயிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"கார் தொடைக்கிறாரு."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. பதினோரு வருஷம் மிஷின் பிடித்த கை இது. ஒரு கோடு தெரியாமல் கறுப்புக் காரைத் தேய்த்துக் கொடுப்பவன் நான். தொடைக்கிறாராம்! சோற்றை அப்படியே வைத்துவிட்டு (பொய், முழுக்கச் சாப்பிட்டேன், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்) எழுந்து, உங்கள் போட்டை நாளைக்கே கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் என்றேன். வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிற நீல போட்டு அது.

மச்சான் நிதானமாகத்தான் சொன்னார். மறுநாள் மீன்வளத்துறை அதிகாரிகள் கரைக்கு வந்து எல்லா போட்டுகளையும் வருஷாந்திரப் பரிசோதனை செய்யப்போகிறார்கள். போட்டின் பதிவு நம்பர் பளிச்சென்று தெரிய வேண்டும். பழைய நம்பர் மங்கிவிட்டதால் காலையில் பெயிண்டர் மூர்த்தி வந்து புதிதாக எழுதுவார். அன்றைக்கு லிஸ்டில் டிக் விழாவிட்டால் மானிய டீசல் அட்டை நின்றுபோகும், அட்டை இல்லாமல் கடலுக்குப் போய்க் கட்டுப்படியாகாது. அதனால் பாலிஷை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்புறமாம். என் கோபம் என்ன, அவர் சௌகரியத்துக்குக் காத்திருக்குமா?

விடிந்ததும் விடியாததுமாக நான் பஃபிங் மிஷினோடு கரையில் இருந்தேன். வலைக் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்தேன். பாலிஷ் பசையைத் தடவி மிஷினை வைத்ததும் வெளுப்பெல்லாம் கரைந்து, உள்ளே இருந்த நீலம் வெளியே வந்தது. மங்கிப்போன நம்பர் இடையில் அசிங்கமாகத் தெரிந்தது. எப்படியும் புதிதாக எழுதப்போகிறார்களே என்று அதன் மேலும் மிஷினை ஓட்டினேன். ஐந்து நிமிஷத்தில் நம்பர் காணாமல் போனது. பிறகு வேக்ஸ், அதாவது மெழுகுப் பூச்சு. ஒரு கோட் போதாதா? எனக்குக் கோபம் அவ்வளவு இருந்ததால் மூன்று கோட் போட்டேன். போட்டில் தெரிந்த என் முகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்.

எட்டு மணிக்குப் பெயிண்டர் மூர்த்தி வந்தார். வெள்ளை பெயிண்டில் முதல் எழுத்தை இழுத்தார். பெயிண்ட் ஒட்டவில்லை. முத்து முத்தாகச் சுருண்டு, கீழே வழிந்து மணலில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடி வழிந்தது.

"இன்னா தடவி வச்சிகீற இதுல?" என்றார்.

வேக்ஸ் மேல் பெயிண்ட் ஒட்டாது. இது எனக்குத் தெரியாதா? என் கடையில் வேலைக்குச் சேருபவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லித்தருவதே இதைத்தான். அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் போதும். உப்புத்தாளும் என் பையிலேயே இருந்தது. ஆனால் என் கண்ணாடியை நானே கீறுவதா? அதனால் மூர்த்தியிடம், உங்கள் பெயிண்ட்தான் மட்டம் என்றேன். அவர் முப்பது வருஷமாக எழுதுகிறவர். பிரஷ்ஷை மணலில் குத்தி வைத்துவிட்டு, என் பரம்பரையையே விசாரித்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குள் அதிகாரிகள் கரையின் அந்தக் கோடியில் ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஏழு போட்டு. மச்சான் என்னைத் திட்டவே இல்லை. பளபளவென்று மின்னிய போட்டின் பக்கத்தில் ஆர்சி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அந்த வசதியையும் அந்த மனுஷன் எனக்குக் கொடுக்கவில்லை.

நான்கு போட்டு பாக்கி இருக்கும்போது கஸ்தூரி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கடையில் நான் சொல்லித்தரும் பாடம் அவளுக்கும் மனப்பாடம்; என் பையைக் கவிழ்த்து உப்புத்தாளை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். (ஆமாம், பிடித்தேன். அந்த நேரத்திலும்.) பாலிஷ் போய்விடும் என்றேன்.

"யோவ், உன் பாலிஷ பாத்துகினு எங்க அண்ணன் கரையிலயே குந்திக்கினு இருக்கட்டுமா? உடு கைய."

விட்டேன். வரட்டு வரட்டென்று அவள் தேய்த்தது என் பல்லில் கேட்டது. அந்த இடத்தில் என் மூன்று கோட்டும் மாவாக உதிர்ந்தது. மச்சான் ஆர்சி புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, வாழ்க்கையில் வாசல் கோலம் தவிர எதுவும் வரையாத கஸ்தூரி, மூர்த்தி விட்டுப்போன பெயிண்டையும் பிரஷ்ஷையும் எடுத்து நம்பரை எழுதினாள். முதல் எழுத்து பூசணிக்காய் அளவு, இடம் போதாமல் கடைசி எழுத்து எலுமிச்சை அளவு. அதிகாரி வந்தார், போட்டைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார். நம்பரை லிஸ்டோடு ஒத்துப்பார்த்து டிக் அடித்தார். போகும்போது, பாலிஷ் நன்றாக இருக்கிறது, யார் போட்டது என்று கேட்டார். நான் மிஷின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

என் பாலிஷ் உப்புக் காற்றில் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. கஸ்தூரியின் நம்பர் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எந்த யோசனை சொன்னாலும், வீட்டுக்கு வெள்ளை அடிப்பதானாலும் சரி, பிரியாணிக்கு அரிசி ஊறவைப்பதானாலும் சரி, யாராவது ஒருவர் "மொதல்ல நம்பர் எய்திக்கலாம் மாப்ள" என்பார். ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும்.

இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். நான் கையை நீட்டியதும் மச்சான் குறுக்கே வந்தார்.

"சிஸ்டர், கொயந்த கைல நம்பர் கட்டிட்டீங்களா? அப்பாரு வாங்கப்போறாரு."

வார்டே சிரித்தது. உள்ளே படுத்திருந்த கஸ்தூரி தையல் வலியோடு சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் குழந்தையை வாங்குவதற்கு முன்னால், துணியை விலக்கி மணிக்கட்டில் நம்பர் சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.