வெறும் தண்ணீருக்குக் காவல்

மீன் வளர்ப்பவர்கள் பல வகை. அதில் டிஸ்கஸ் மீன் வளர்க்கப் புதிதாகக் கிளம்பியவர் தனி வகை. அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். "சௌக்கியமா?" என்று உங்களைக் கேட்பார், நீங்கள் வாயைத் திறப்பதற்குள், "நம்ம வீட்டுத் தண்ணி இப்போ இருபத்தொன்பது டிகிரி" என்பார். நீங்கள் கேட்டீர்களா? இல்லை. அதனால் என்ன?

நம்மவருக்கு சோப்புத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. ஒரு கடைத் தொட்டியில், தட்டை நிமிர்த்தி வைத்தாற்போல வட்டமாக, நீலக் கோடுகளோடு, யாரையும் சட்டை செய்யாமல் மிதந்த டிஸ்கஸ் மீன்களைப் பார்த்த அன்றே மனத்தைப் பறிகொடுத்துவிட்டார். இதற்குத் தண்ணீர் கதகதப்பாக இருக்க வேண்டும், தனியாக விட்டால் ஏங்கும், துளி அழுக்குச் சேர்ந்தாலும் கறுத்துப்போய் மூலையில் ஒண்டிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல, வேறொருவராக இருந்தால் நாலு தங்கமீனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். நம்மவருக்கோ இம்சை கூடக் கூட ஆசையும் கூடியது.

முதலில் பல வாரங்களுக்குத் தொட்டியில் மீனே இல்லை. தண்ணீர், அதைச் சூடாக வைக்க ஒரு ஹீட்டர், மூலையில் வடிகட்டிப் பஞ்சு, அவ்வளவுதான். அந்தப் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் குடியேற வேண்டும். மீன் கழிவில் ஊறும் விஷத்தை அவைதான் தின்று தீர்க்கும். அவற்றை வரவழைக்க, மீனில்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டார். இந்தக் கிருமிப் பாடத்தை மனைவிக்கு நடத்தினார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு நடத்தினார், ஓர் இரங்கல் கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் நடத்தினார்.

"மீன் எப்போ மச்சான் வரும்?" என்று மனைவியின் தம்பி போனில் கேட்டான்.

"மீன் யாரு வேணும்னாலும் வளர்ப்பாங்க. நான் இப்போ கிருமி வளர்க்கறேன்."

ஒருவழியாக ஐந்து மீன்கள் வந்தன. நன்றாகவே சாப்பிட்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவை, இந்தப் பக்கம் அவர், இரண்டு தரப்புக்கும் வேறு வேலையே இல்லை. மச்சினனை விருந்துக்கு அழைத்தார்.

அவன் வருவதற்கு முந்தின நாள் கண்ணாடியைத் துடைத்தார், மேசையைத் துடைத்தார், மேசைக்குக் கீழே தரையையும் துடைத்தார். அப்புறம் அந்தப் பஞ்சு கண்ணில் பட்டது. பழுப்பாக, வழவழவென்று, பார்க்கவே சகிக்கவில்லை. சோப்புக் கம்பெனிக்காரன் வீட்டில் இப்படியொரு அழுக்கா? குழாயடியில் பிடித்து, பிழிந்து, மறுபடி பிழிந்து, வெளேரென்று ஆனதும் மொட்டைவெயிலில் காயப்போட்டு எடுத்து மாட்டினார். சோப்பு மட்டும் போடவில்லை. அந்த அளவுக்கு அறிவு வேலை செய்தது.

மறுநாள் மச்சினன் தொட்டி முன்னால் வந்து நின்றான். ஐந்தும் கறுத்துப்போய், மேல்மூச்சு வாங்க, மூலையைப் பார்த்துத் திரும்பி நின்றன.

"நீலம்னு சொன்னீங்களே மச்சான்?"

"கூச்சம். புது ஆளைப் பார்த்தா அப்படித்தான்."

"என்னைப் பார்த்துமா கூச்சம்?" என்று மனைவி குனிந்து பார்த்தாள். "ஆமா, பஞ்சு ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்கு?"

"கழுவினேன்."

"அதுல குடியிருந்தவங்க?"

அவள் புதிதாக எதுவும் சொல்லவில்லை; அவர் நடத்திய பாடத்தைத்தான் ஒப்பித்தாள். ஊரையெல்லாம் கூட்டிப் பாடம் எடுத்த வாத்தியாரே பரீட்சையில் கோட்டைவிட்டிருந்தார். "அஞ்சும் போயிடும் போலிருக்கே... நானே கொன்னுட்டேனே!" என்று, மச்சினன் இருக்கிறான் என்பதையும் மறந்து வாய்விட்டுப் புலம்பினார். அவ்வளவு பயம்.

விருந்தாவது ஒன்றாவது. பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் பதமாகச் சூடாக்கி மனைவி கொடுக்க, விருந்துக்கு வந்தவன் வாளி தூக்க, நம்மவர் பாதித் தொட்டியை இறைத்து மாற்றினார். கிருமிகள் திரும்பக் குடியேறும்வரை தினமும் அதே வேலை. தொழிற்சாலைக்கு ஈரக் கால்சட்டையோடு போனார். கடைசியில் ஒரு நாள் மீன்கள் ஒவ்வொன்றாக நீலத்துக்குத் திரும்பி, அவர் விரலருகே வந்து தீனியைக் கொத்தின. அழுதேவிட்டார்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இப்போது புதிதாகத் தொட்டி வைக்கும் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்கிறார்: "சில பேர் இருக்காங்க பாருங்க, பஞ்சைப் போய்க் குழாயடியில கழுவுவாங்க. அவங்களை என்னன்னு சொல்றது!" சொல்லும்போது முகத்தில் ஒரு சலனம் இருக்க வேண்டுமே? கிடையாது. அடுப்படியில் மட்டும் யாரோ இருமுவார்கள்.

இதைப் படிக்கும்போது, "அட, நமக்குத் தெரிந்தவர் ஒருவர் அச்சு அசல் இப்படித்தான்" என்று உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்ததா? சிரித்துக்கொண்டே இதை அவருக்கு அனுப்பப் போகிறீர்களா? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அவர் உங்களுக்கு முன்னால் படித்துவிட்டார்; யாருக்கு அனுப்பலாம் என்று யோசித்து, இப்போது உங்கள் எண்ணைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.