பனிச்சறுக்குத் தம்பிக்கு ஓர் அண்டா

மதுரையைச் சுற்றியுள்ள கோயில் மணிகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி அடித்தாலும், மைக்கு மச்சானின் தொண்டைக்கு முன்னால் அது கொலுசுச் சத்தம்தான். பெருமையாகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். கோரிப்பாளையத்துச் சந்தில் அந்தத் தொண்டைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவன் நான்.

மைக்கு என்பது அவர் பெயர் இல்லை. பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். மேலூர்ப் பக்கம், அழகர்கோவில் பக்கம் எந்த ஊரில் ஜல்லிக்கட்டு நடந்தாலும் வாடிவாசலுக்கு மேலே மேடை போட்டு நின்று வர்ணனை சொல்லுகிறவர் அவர். என் பெரியப்பா மகளைக் கட்டியதால் எனக்கு மச்சான். நான் அவருக்கு மாப்ள.

மேடையை விட்டு ஆள் இறங்குவார், வாய் இறங்காது. அக்கா தோசை வார்த்தால் போதும். "இந்தா வருது, கல்ல விட்டுக் கெளம்புது, ஒருத்தர் மட்டும் பிடிங்கப்பா, ஒருத்தர் மட்டும்!" என்று சந்து முழுக்கக் கேட்கும். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். யாரோ புத்தி கெட்டவன் மண்டபத்து மைக்கை இவர் கையில் கொடுத்துவிட்டான். மணப்பெண் மேடைக்கு வந்தாள். பட்டுச் சேலை தடுக்கி ஒரு நிமிடம் நின்றாள். அவ்வளவுதான். "பொண்ணு வாசல்ல வந்து நின்னுருச்சு! நின்னு வெளையாடுது! தில் இருக்க மாப்பிள்ளை தொட்டுப் பாரு!" பெண்ணின் அப்பா செருப்பைத் தேடினார். நல்லவேளை, மண்டபத்துக்கு வெளியே கழற்றி விட்டிருந்தார்.

இதெல்லாம் பரவாயில்லை. எனக்குத் தீராத கோபம் அண்டா விஷயத்தில்தான்.

நான் பாத்திரக்கடைக்காரன். ஒருமுறை மேலூர்ப் பக்கம் ஒரு ஜல்லிக்கட்டில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். வாடிவாசல் திறந்தது. எலும்பும் தோலுமாக ஒரு மாடு வெளியே வந்தது. பாயவில்லை. ஊர்வலத்தில் வருகிற மாதிரி நடந்து வந்து, தரையில் போட்டிருந்த தேங்காய் நாரை மோந்து பார்த்தது. சனம் கைகொட்டிச் சிரித்தது. மாட்டுக்காரன் கூனிக் குறுகிப் போனான். மைக்கு விடவில்லை. "இருங்கப்பா, மாட்டோட பேரென்ன? பேர் சொல்லாம ஒரு மாடும் வாசலத் தாண்டக் கூடாது! ராமுவா? நடந்து வருது பாரு ராமு! எவனையும் முட்டாத மாடு! நல்ல மனசுக்கார மாடு! இதுக்கு, கோரிப்பாளையம் பாத்திரக்கடை மாப்ள சார்பா ஒரு அண்டா!"

கடலை என் தொண்டையில் நின்றது. மேடைக்கு ஏறிப் போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"யாரைக் கேட்டுய்யா குடுத்தீரு?"

"மைக்குல சொன்னது சொன்னதுதான் மாப்ள. இனி மாத்துனா அந்த மாடு என்ன நினைக்கும்?"

மாடு என்ன நினைக்கும்! நான் என்ன நினைப்பேன் என்று அந்த மனுஷனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அதற்குப் பிறகு எந்த ஊரில் தோற்ற மாடு, விழுந்த வீரன், வழி தவறி வந்த கன்றுக்குட்டி என்றாலும் அண்டா என் கடையிலிருந்துதான் போகும்.

அப்படிப்பட்ட தொண்டையில்தான் முடிச்சு விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. அவசரப்பட்டுக் கத்துனீங்க, குரல் போயிரும். போனா வராது."

பொங்கல் ஜல்லிக்கட்டுகள் போயின. வேறு ஆட்கள் மேடை ஏறினார்கள். மாடுகள் வழக்கம்போல ஓடின. மச்சானுக்கு அதுதான் தாங்கவில்லை. முதலில் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். மனுஷன் சிலேட்டிலும் சத்தமாகவே எழுதினார். எழுத்து பெரிசாகப் பெரிசாக உதடும் கூடவே அசைந்தது. அக்கா சிலேட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டாள். மேலூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் குலசாமிக்கு எடுக்கும் மாசிக் களரித் திருவிழாவுக்கு மாடு விடுவதாக இருந்தார்கள். "குரல் வந்துச்சுன்னா உங்களுக்குத்தான் மேடை, இல்லைன்னா வேற ஆளப் பார்ப்போம்ணே" என்று விழாக் கமிட்டி சொல்லியிருந்தது. மறுநாள் டாக்டர் தொண்டையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பகல்.

அந்தப் பகலை என் தலையில் கட்டிவிட்டு, அக்கா அழகர்கோவிலுக்கு நேர்த்திக்கடனுக்குக் கிளம்பினாள்.

"டேய், நான் வர்ற வரைக்கும் மச்சான் வாயத் தெறக்கக் கூடாது. தெறந்தாரு, உன்னயத்தான் கேப்பேன்."

"முகூர்த்த நாளு, அக்கா! கடையில சீர்ச்சாமான் எடுக்க ஆளுக நிக்கிறாக."

"உங்க மச்சானுக்குக் குரல் போச்சுன்னா நீ வந்து மேடையில கத்துவியா?"

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். கடையில் வேலைக்காரர்கள் என்ன விலைக்கு எதை விற்கிறார்களோ என்று எனக்கு உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். மச்சான் கட்டிலில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரால் கட்டில் காலைத் தட்டிக்கொண்டிருந்தார். டங், டங், டங். தலைக்குள் தட்டுவதுபோல இருந்தது.

டிவியைப் போட்டேன். கபடி. மச்சானின் மூச்சு வேகமாக ஏறியது. மாற்றினேன். கிரிக்கெட். வாய் பாதி திறந்தது. மாற்றினேன். செய்தியில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். அதற்கும் தொண்டையைச் செருமப் பார்த்தார். பதறிப் போய் மாற்றிக்கொண்டே வந்தேன். ஒரு சேனலில் வெள்ளை வெளேர் என்று மலை. பனி. எங்கோ தூர தேசத்தில் குளிர்கால விளையாட்டுப் போட்டி. அப்பாடா என்று ரிமோட்டை என் மடியில் செருகிக்கொண்டேன். பனிக்கும் மைக்குக்கும் என்ன சம்பந்தம்? நமக்குப் பனி என்றால் மார்கழி காலையில் தலையில் துண்டு கட்டுவது. இதைப் பார்த்து எவன் கத்துவான்?

என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளிலேயே மட்டமான கணக்கு அது.

மலை உச்சியில் ஒரு சின்ன வாசல். அதற்குள் ஒருவன் குனிந்து நின்றான். வாசல் திறந்தது. காலில் கட்டிய சறுக்குக் கட்டைகளோடு சீறிக்கொண்டு இறங்கினான். மச்சான் டம்ளரை நிறுத்தினார். அடுத்தவன் வந்து நின்றான். வாசல் திறந்தது. சீறினான். மச்சான் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணை நான் மேலூரில் பார்த்திருக்கிறேன். மனுஷனுக்கு அது மலை இல்லை, வாடிவாசல்.

"மச்சான், வேணாம். அது மாடு இல்ல. வெளிநாட்டுக்காரன்."

அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் சலீம் பாய் தூக்குவாளியில் மச்சானுக்குச் சூடான கஷாயத்தோடு வந்தார். பார்த்த மாத்திரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து வேறு விளையாட்டு. வழுவழுப்பான பாறைக் கல் ஒன்றை ஒருத்தி ஐஸ் தரையில் தள்ளிவிட, இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் பரபரவென்று தேய்த்துக்கொண்டே ஓடினார்கள்.

"யா அல்லா, இது மேலூர்க் கல்லு அண்ணே!" என்றார் பாய். "நம்ம குவாரிப் பட்டறையில பாலீஷ் போட்ட மாதிரியே இருக்கு பாருங்க."

"பாய், கல்லு எந்த ஊரா இருந்தா ஒமக்கென்ன? கஷாயத்தக் குடுத்துட்டுக் கெளம்பும்."

"அவசரப்படாதீங்க அண்ணே, நம்மூருக் கல்லு போய்ச் சேருதான்னு பார்த்துட்டுப் போறேன்."

கல் நகர நகர மச்சான் கட்டிலில் எழுந்து நின்றார். தொண்டை மணி ஏறி இறங்கியது. என் வாயைக் காட்டி, டம்ளரால் டங்கென்று ஒரு தட்டு தட்டினார். நீ சொல்லு என்று அர்த்தம். நான் சொல்லாவிட்டால் அவர் சொல்லிவிடுவார் என்றும் அர்த்தம்.

"கல்லு போகுது" என்றேன்.

தலையணை பறந்து வந்து என் மூஞ்சியில் விழுந்தது. சரியில்லை என்று அர்த்தம்.

"அண்ணே, செத்த வீட்டுல சொல்ற மாதிரி சொல்றீகளே" என்றார் பாய். "கொஞ்சம் உசுரு குடுத்துச் சொல்லுங்க."

"கல்லு வருது, கல்லு வருது, மேலூர்க் கல்லு வருது!" என்று ஆத்திரத்தில் கத்தினேன். மச்சான் உட்கார்ந்தார். வாய் மூடியது. டங், டங் என்று இரண்டு தட்டு. பாஸாகிவிட்டேன் போலிருக்கிறது.

அதற்கப்புறம் எனக்கு விடுதலையே இல்லை. ஒருவன் பலகையில் குப்புறப் படுத்துத் தலையை முன்னால் நீட்டி ஐஸ் வாய்க்காலில் போனான். "படுத்துக்கிட்டே வாரான்யா, எந்திரிக்காமலே ஜெயிக்கப் போறான்யா!" என்று கத்தினேன். சறுக்குக் கட்டையோடு முதுகில் துப்பாக்கியும் கட்டிக்கொண்டு சிலர் வந்தார்கள். "கமிட்டியாரே, துப்பாக்கிக்கு அனுமதி குடுத்தது யாரு?" என்று கேட்டேன். நான் கொஞ்சம் ஓய்ந்தால் மச்சான் வாய் திறக்கும். உடனே நான் கத்துவேன். சந்துச் சனம் சன்னலில் வந்து அப்பியது. கடையிலிருந்து போன் வந்தது. "அண்ணே, குத்துவிளக்கு என்ன வெல?" "பத்தடி ஒசரம் பறந்து வாரான்!" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது நெடுந்தூர ஓட்டம். சறுக்குக் கட்டையில் மைல் கணக்கில் மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டும். ஜெயித்தவன் எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்து மூச்சு வாங்கினான். மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். முடிந்தது. டிவியில் இங்கிலீஷ் பேசியவர் ஜெயித்தவனின் பெருமையைப் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

மச்சான் சாயவில்லை. திரையின் ஓரத்தில் விரலை நீட்டினார். வெள்ளைப் பனியில் கறுப்பாக ஒரு புள்ளி. அது அசைந்தது. ஒருவன் இன்னும் வந்துகொண்டிருந்தான். தனியாக. அவனைப் பற்றி அங்கே ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேர் சொல்லாமல் ஒரு மாடும் வாசலைத் தாண்டக் கூடாது.

மச்சான் கட்டிலை விட்டு இறங்கினார். டம்ளர் கையிலிருந்து உருண்டு போனது. நெஞ்சு விரிந்தது. வாய் திறந்தது. இந்த ஒரு சத்தத்தோடு ஒரு தொண்டை போகப் போகிறது. ஓடிப் போய் அவர் வாயைப் பொத்த நேரம் இல்லை. என் வாயைத் திறந்தேன்.

"இருங்கப்பா! ஒரு தம்பி வாரான்! கடைசித் தம்பி வாரான்! பாய், பேரப் படியும்!"

"எழுத்துப் பூராம் முட்டிக்கிட்டு நிக்கிது அண்ணே, என்னமோ 'ஸ்கி'ன்னு முடியுது!"

"பேர் வாயில நுழையல! அதனால என்ன? இன்னைக்கு அவன் பேரு அழகரு! நடந்து வாரான் பாரு அழகரு! எவனையும் இடிக்காத தம்பி! எவனையும் தள்ளிவிடாத தம்பி! விழுந்துட்டான், விழுந்துட்டான், விடு, எந்திரிச்சுருவான்! எந்திரிச்சுட்டான்! வாடா என் தங்கம், கோடு பக்கத்துலதான் இருக்கு!"

சன்னலில் நின்ற சனமும் சேர்ந்து கத்தியது. பாய் தூக்குவாளியைத் தட்டினார். கடைசித் தம்பி கோட்டைத் தாண்டினான்; அங்கே காத்திருந்த ஜெயித்தவன் அவனைக் கட்டிப்பிடித்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை, என் தொண்டை தானாகச் சொன்னது:

"அழகருத் தம்பிக்குக் கோரிப்பாளையம் பாத்திரக்கடை சார்பா ஒரு அண்டா!"

கதவு படாரென்று திறந்தது. அக்கா. சந்து முனையிலேயே "அண்டா" அவள் காதில் விழுந்திருக்கிறது. உலகத்தில் அந்த வார்த்தையை அப்படிக் கத்துகிற ஆள் ஒருவர்தான் என்று நினைத்து, அழகர்கோவில் பையால் நேராக மச்சான் முதுகில் போட்டாள். "பாவி மனுசா! மலையேறித் தீர்த்தம் வாங்கிட்டு வாரேன், அதுக்குள்ள கத்திப்புட்டியே!" மச்சான் தலையைத் தலையை ஆட்டி என்னைக் காட்டினார்.

"நீயாடா கத்துன?"

ஆமாம் என்றேன். காற்றுதான் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு ஊமைகள் போனோம். டாக்டர் மச்சானின் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிருக்கு. மெதுவா ஏதாச்சும் பேசுங்க" என்றார். அக்கா முந்தானையை வாயில் கடித்தபடி நின்றாள். மச்சான் யோசித்தார். என் பக்கம் திரும்பினார். தவிட்டுப் புறா முனகுவதுபோல ஒரு குரல் வந்தது.

"மாப்ள, கோடு தாண்டுன பெறகுதான் பரிசு சொல்லணும். நீ சரியாச் சொன்ன."

என்னைத்தான் டாக்டர் ஒரு வாரம் பேசக் கூடாது என்றார்.

மாசிக் களரிக்கு மச்சான் மேடை ஏறினார். பழைய இடி இல்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடு பாயும்போது வேறொருவர் கத்துகிறார். மாட்டின் பேரை மட்டும் மச்சான் சொல்கிறார். அந்த இடத்தில் சனம் தானாக வாயை மூடிக் கேட்கிறது. நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறேன், கடலை தின்னாமல்.

என் கடையில் மேல் தட்டில் ஓர் அண்டா இருக்கிறது. முகூர்த்த நேரத்தில் ஆட்கள் அதைக் காட்டி விலை கேட்பார்கள். விற்பனைக்கு இல்லை, பனி ஊரில் ஒரு தம்பிக்குச் சொன்னது என்பேன். பைத்தியமா என்பதுபோலப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். மைக்கில் சொன்னது சொன்னதுதான். அன்றைக்கு உன் முன்னால் ஏது மைக் என்று கேட்டால், ஆமாம், முன்னால் இல்லை. என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய.