சொட்டு வைத்துப் பார்த்த மயில் கழுத்துச் சேலை

திண்டுக்கல்லில் தன் கண்ணையே நம்பாத ஒரே மனிதன் எங்கள் 'சொட்டு'தான். வாழைப்பழம் மஞ்சள் என்று ஊரே சத்தியம் செய்தாலும், கம்ப்யூட்டர் சொன்னால்தான் ஒத்துக்கொள்வான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம் அது. என்னிடம் வேலைக்கு வந்தவன், பிரவுசரிலேயே ஓடும் ஒரு பக்கத்தைத் தானாகவே எழுதினான். ஒரு படத்தை ஏற்றி எங்கே மவுஸை அமுக்கினாலும், அந்த இடத்துக் கலரை எடுத்து ஜவுளிக்கடைப் பெயரில் சொல்லும்: அரக்கு, வெங்காயம், கிளிப்பச்சை. மவுஸ் அம்புக்குப் பதிலாக மை சொட்டும் ஃபில்லர் படம் வரும். அதனால்தான் அவன் சொட்டு. இது யாருக்கு, எதற்கு என்று கேட்டால், "தெரியலண்ணே. ஆனா வேணும்ல?" என்பான். எனக்குத் தலை சுற்றும்.

டீக்கடையில் டீ கிளாஸை செல்போனில் படம் பிடித்து வந்து, அந்தப் பக்கத்தில் ஏற்றிச் சொட்டு வைப்பான். கடைக்குத் திரும்பப் போய், "நேத்தவிட இன்னைக்கு டீ வெளுத்திருக்குண்ணே" என்பான். "ஏலே, நீ குடிக்க வாறியா, படம் புடிக்க வாறியா?" என்று டீ மாஸ்டர் கிளாஸைப் பிடுங்கிக்கொள்வார். சென்டரில் ஆன்லைனில் வேலைக்கு மனுப் போட வந்த ஒருவரின் போட்டோவில் மூக்கு வெங்காயக் கலர், நெற்றி அரக்கு என்று சொல்லிவிட்டான். அந்த மனிதர் மூக்கைத் தடவிக்கொண்டே நேராக டாக்டரிடம் போனார்.

அவனுக்கும் சின்னாளபட்டியில் பெண் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "இது அமையலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்ணே" என்றான். பெண்ணின் அப்பா தறிக்காரர். பையன் செய்யும் வேலையைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சென்டருக்கே வந்துவிட்டார். பையிலிருந்து, தான் நெய்த மயில் கழுத்துச் சேலையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்ன கலருன்னு சொல்லுங்க தம்பி, பாப்பம்."

சொட்டு படம் எடுத்து ஏற்றினான். ஒரு மடிப்பில் வைத்தான், நீலம். பக்கத்து மடிப்பில் வைத்தான், பச்சை. மறுபடியும் நீலம், பச்சை, நீலம். எனக்கே ஒன்றும் புரியவில்லை. அவன் வேர்த்துக் கொட்டி எழுந்து நின்றான். "ஐயா, நான் எழுதுனது தப்பு. ஒரே சேலைக்கு ரெண்டு கலர் சொல்லுது. இதை நம்பிப் பொண்ணு குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

பெரியவர் சேலையை மடித்துக்கொண்டே சிரித்தார். "நீளவாக்குல ஓடுற பாவு நூலு நீலம், குறுக்க ஓடுற ஊடை நூலு பச்சை. மடிப்புக்கு மடிப்பு மாறத்தான் செய்யும். மிசினு சரியாத்தான் சொல்லுது. சரியா வந்ததையே தப்புன்னு ஒத்துக்கிட்டுப் போறாரு பாருங்க, இந்த மனுசன் எம்மகள ஏமாத்த மாட்டாரு. நாள் பாக்கச் சொல்லுங்க."

கல்யாணம் முடிந்து, மகளும் பிறந்துவிட்டாள். இப்போதும் போன் செய்தால், "அண்ணே, அன்னைக்கு எப்படிண்ணே அவரு பொண்ணு குடுத்தாரு?" என்று கேட்பான்.

"உன்னையப் புடிச்சுப்போச்சுலே, எனக்குப் புடிச்ச மாதிரிதான்" என்பேன்.