கோட்டு பொய் சொல்லாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் நியாயம் பேசுகிற ஒரே ஆள் நான்தான்.

அக்கா வீட்டில் தங்கிப் புகைப்படக் கலை மூன்றாம் வருஷம் படிக்கிறேன். என்னோடு வாதாடி ஜெயித்தவர்கள் கல்லூரியில் கிடையாது. துறைத் தலைவர் உட்பட.

"குழந்தைகளை வச்சு ஃபேஷன் படம்னா ரிப்பன், கவுன், சிரிப்பு. அவ்வளவுதான்" என்றார் அவர்.

விடுவேனா? "குழந்தைன்னா பூச்சாடியா சார்? படத்துல கதை வேணும். உடுப்பே கதை சொல்லணும்." முக்கால் மணி நேரம் பேசினேன். படங்களைக் கணினியில் திருத்துவது பாவம் என்று தனியாக இருபது நிமிஷம். மனிதர் தாங்காமல் கையெடுத்துக் கும்பிட்டார். "எட்டுப் படம். வியாழக்கிழமை. கதை நிக்கலைன்னா இதே பாடத்தை அடுத்த வருஷம் ரிப்பனோட வந்து எழுது."

கதை தயாராக இருந்தது. ஒருநாள் பெரியவர்கள் எல்லோரும் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் ஆபீஸை நடத்துகிறார்கள். மேல் வீட்டு இரட்டையர் இருவரும் குமாஸ்தாக்கள். மேனேஜர், அக்கா மகள். ஏழு வயது. வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவோம்.

எல்லோருக்கும் பெரியவர்கள் உடுப்புதான். தொளதொளவென்று தொங்காதா என்பீர்கள். அதற்குத் தொழில் ரகசியம் ஒன்று உண்டு. மிச்சத் துணியை முதுகுப் பக்கம் இழுத்து, கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப்பால் கவ்விவிட வேண்டும். முன்னால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பின்னால் முள்ளம்பன்றி.

மேனேஜருக்குக் கோட்டு வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே கோட்டு. அத்தானின் கல்யாணக் கோட்டு. கறுப்பு.

அத்தான் எடை அளவுத் துறையில் பரிசோதகர். கடை கடையாகப் போய்த் தராசு சரியா என்று பார்ப்பது வேலை. அதனால் எந்த எடை மெஷினையும் நம்ப மாட்டார். "மெஷின் எல்லாம் பொய் சொல்லும்மா. தினம் நாலைப் பிடிக்கிறேன். கோட்டு பொய் சொல்லாது" என்பார். வருஷா வருஷம் கல்யாண நாளன்று கோட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடுவாக நிற்பார். பொத்தான் பூட்டும். உடனே பிரசங்கம். "பன்னிரண்டு வருஷம்! அதே கோட்டு, அதே பொத்தான், அதே நான்!"

நான்கூடத்தான் கல்லூரியில் சேர்ந்த அன்று வாங்கிய கறுப்புப் பேன்ட்டை இன்றைக்கும் போடுகிறேன். அக்கா துவைத்து இஸ்திரி போட்டு வைப்பாள், மாட்டிக்கொண்டு போவேன். அதற்காக ஊரைக் கூட்டினேனா?

"கோட்டா? குழந்தைக்கா? கிளிப்பு போட்டா?" அத்தான் நெஞ்சில் கை வைத்தார். "நடக்காது."

எதிர்பார்த்ததுதான். அக்கா பக்கம் திரும்பினேன்.

"கோட்டு மட்டும் வேண்டாம்டி" என்றாள் அக்கா.

அவர் பேச்சுக்கு அக்கா ஒத்து ஊதி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படிச்ச பொண்ணுதானே நீ? சொந்தமா ஒரு கருத்து கிடையாதா?"

"இருக்கு. கோட்டு வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து."

சரி, வழியை மாற்றினேன். "அத்தான், நாளைக்கு நீங்க ஒல்லியா இருந்தீங்கன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? ஆதாரம் எங்கே? முதல்ல உங்களைக் கோட்டோட ஒரு படம் எடுக்கறேன். பெரிசா கூடத்துல மாட்டலாம். அப்புறம் சுண்டெலிக்கு ஒரு நாள் இரவல் குடுங்க."

ஆதாரம் என்ற சொல் பரிசோதகரை வீழ்த்தியது. ஐந்தே நிமிஷத்தில் கோட்டும் அவருமாக ஜன்னலருகே நின்றார். ஒரு கை இடுப்பில், கொஞ்சம் பக்கவாட்டில், வயிற்றை உள்ளே இழுத்து. ஃபிளாஷ் அடித்தேன். கேமராத் திரையைப் பார்த்தேன்.

கோட்டு கறுப்புதான். ஆனால் அக்குளிலிருந்து அடி வரை, பக்கவாட்டில் நாலு விரல் அகலத்துக்குச் செம்பட்டையாக ஒரு பட்டை. கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிகிற இரண்டு துணியைக் கேமரா சில சமயம் பிரித்துக் காட்டிவிடும். ஒரு சாயம் கறுப்பாகவே நிற்கும். இன்னொன்று வெளிச்சம் பட்டால் சிவக்கும்.

"கழட்டுங்க அத்தான், தூசி தட்டறேன்" என்று கோட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். உள்பக்கத்தைத் திருப்பினால் ஒட்டோடு ஒட்டாக வரிசையாய்த் தையல்கள். அக்கா கை நன்றாகத் தெரியும் எனக்கு.

"இது என்ன?"

"மெதுவா பேசு."

"எத்தனை ஒட்டு?"

"பக்கத்துக்கு மூணு. முதல்ல தையலைத்தான் பிரிச்சு விட்டேன். அப்புறம் விடறதுக்கு இடமில்லை, துணி வச்சேன்."

"பொத்தான்?"

"அது ரெண்டு தடவை நகர்ந்திருக்கு."

"அக்கா, இது மோசடி! ஊர்த் தராசையெல்லாம் சோதிக்கிற மனுஷன் வீட்டுத் தராசுலயே கையை வச்சிருக்கே! ஓர் ஆம்பளையோட கர்வத்துக்காக நீ ஏன் தையல் மெஷினை மிதிச்சு மிதிச்சுச் சாகணும்? காலங்காலமா பொம்பளைங்க…"

"அவர் கர்வத்துக்கா?" அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "பத்தொன்பது நாள் ஞாபகம் இருக்கா?"

இருக்காதா? நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம். சாப்பிடும்போது அத்தானின் சட்டைப் பொத்தான் தெறித்துத் தண்ணீர்ச் சொம்பில் விழுந்தது. அன்றைக்கே இளைப்பதென்று சபதம் எடுத்தார். அவர் சபதம் எடுத்தால் அது குடும்பத்துக்கே சட்டம். விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லோரும் கயிறு தாண்டினோம். கீழ் வீட்டுக்காரர் துடைப்பத்தால் தன் வீட்டுக் கூரையை இடித்தார். மூன்று வேளையும் உப்பில்லாமல் வேகவைத்த காய். பத்தாம் நாள் சுண்டெலி அழிரப்பரைத் தின்று பார்த்தாள். பத்தொன்பதாம் நாள் கல்யாண நாள் வந்தது. அத்தான் கோட்டைப் போட்டார். தாராளமாகப் பூட்டியது. "பார்த்தியா, சட்டைதான் சுருங்கியிருக்கு!" என்று சபதத்தைக் கலைத்துவிட்டார். அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டை உயிருள்ள வரை மறக்க மாட்டேன்.

"பதினெட்டாம் நாள் நான் மெஷின்ல உக்காந்தேன்" என்றாள் அக்கா. "இப்ப சொல்லு. மோசடியா?"

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாதத்தில் தோற்றேன். தோற்றதற்காகச் சும்மா இருக்க முடியுமா? "இருந்தாலும் உண்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"தாராளமா சொல்லு. கூடத்துலதான் இருக்கார். நாளைக்கு அஞ்சு மணிக்குக் கயிறு தயாரா இருக்கும். கோட்டும் பீரோவுக்குள்ள போயிடும். வியாழக்கிழமை ரிப்பன் வாங்கிட்டுப் போ."

"என்னம்மா, படம் எப்படி?" என்றபடி அத்தானே வந்துவிட்டார். கேமராவை வாங்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இது என்ன, செம்பட்டையா ஒரு கோடு?"

அக்கா என்னைப் பார்த்தாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. உப்பு போட்ட குழம்பு.

"கேமரா சரியில்லை அத்தான்."

"அதானே பார்த்தேன்! மெஷினை நம்பாதேன்னு தலைபாடா அடிச்சுக்கறேன்."

படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். பட்டை மறைந்தது. திருத்துவது பாவம் என்று இருபது நிமிஷம் பேசிய அதே வாய், அதே கை.

ஆனால் கோட்டு கிடைத்துவிட்டது. சுண்டெலியின் படத்தில் ஒட்டு தெரியுமே என்று தவித்தேன். அக்காதான் தீர்த்தாள். "நீதானே கிளிப்பு ரகசியம் சொன்னே? ஒட்டு முழுசையும் பின்னாடி தள்ளிக் கவ்விடு." பதினாலு கிளிப். முன்பக்கம் கச்சிதம். பன்னிரண்டு வருஷக் குற்றம் முழுவதும் குழந்தையின் முதுகில்.

சாப்பாட்டு மேஜை மேனேஜர் மேஜை ஆனது. ஜன்னலில் வெள்ளைப் போர்வையைக் கட்டி வெளிச்சத்தைச் சாதுவாக்கினேன். "முதுகைக் காட்டாதே, சிரிக்காதே, ஆபீஸை நடத்து" என்றேன். சுண்டெலி நடத்தினாள்.

"ஏன் லேட்டு?"

"அம்மா பல்லு தேய்க்கச் சொன்னாங்க சார்" என்றான் ஒரு குமாஸ்தா.

"நீ?"

"அவன் தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் நின்னேன் சார். ஒரே பிரஷ்."

"ரெண்டு பேருக்கும் அரை நாள் லீவு கட்!"

கிளிக், கிளிக். தானாக வந்தது கதை. ஐந்தாம் படத்தில் அத்தான் உள்ளே நுழைந்தார். கோட்டைப் பார்த்தார். அசந்து நின்றார்.

"அடடா! திரும்பும்மா, பின்னாடி எப்படி இருக்குன்னு பார்க்கறேன்."

அக்கா கையிலிருந்த தட்டோடு ஓடி வந்தாள்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க யாரு? சொல்லிட்டு வந்தீங்களா? வெளியில உக்காருங்க."

அத்தான் வெளியே போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே பெருமை தாங்காமல் குரல் கொடுத்தார். "பார்த்தியா? ஏழு வயசுக் குழந்தைக்கே கச்சிதமா இருக்கு. அப்ப நான் எவ்வளவு ஒல்லியா இருக்கணும்!"

"அதைத்தாங்க நானும் சொல்லிட்டே இருக்கேன்" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை எட்டுப் படமும் சுவரில் நின்றன. துறைத் தலைவர் "ஏன் லேட்டு?" படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ரிப்பன் என்ற பேச்சை எடுக்கவே இல்லை. மதிப்பெண் பட்டியலில் என் பெயர் முதலில். வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"வெற்றி வீராங்கனையை நான் ஒரு படம் எடுக்கறேன்" என்று அத்தான் என் கேமராவை வாங்கிக்கொண்டார். நான் ராசியான கறுப்புப் பேன்ட்டில், ஒரு கை இடுப்பில், கொஞ்சம் பக்கவாட்டில் நின்றேன். ஃபிளாஷ் அடித்தது. அத்தான் திரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"ஐயையோ, இதுக்கு அந்த வியாதி இன்னும் போகலையேம்மா. உன் பேன்ட்டுலயும் மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு விரல் அகலத்துக்குச் செம்பட்டைக் கோடு."

அக்காவைப் பார்த்தேன். அக்கா குனிந்து, சுண்டெலியின் கலையாத காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஆமாம் அத்தான்" என்றேன். "கேமராதான் சரியில்லை."