மறந்துபோன தண்ணீர் பாட்டில்

ஓட்டப்பந்தயத்தில் பெண்களை அரைமணி நேரம் முன்னாலேயே விட்டுவிட்டார்கள். ஆண்களுக்கு விசில் ஊதியதும் இருநூறு பேர் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்து ஓடினார்கள். வைகுண்டராஜும் ஓடினார். பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் நின்றுவிட்டார். இன்னும் பதினோரு கிலோமீட்டர் பாக்கி.

மூன்று மாதம் பயிற்சி எடுத்த மனிதர் இப்படி நிற்கலாமா என்றால், அவர் பயிற்சி எடுத்தது சுயம்புலிங்கத்தின் டீக்கடை பெஞ்சில். சர்க்கரை ஏறிவிட்டது, காலையில் ஓடுங்கள் என்று டாக்டர் சொன்னார். முதல் நாளே கால் வலித்தது. டீக்கடை பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் பொய்க்குப் பொய் முட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. வேர்வையைக் காணோமே என்று மனைவி மாரிச்செல்வி கேட்டுவிடக் கூடாதென்று டீக்கடைக் குழாயில் சட்டையை நனைத்துக்கொண்டு போனார். எந்தப் பக்கம் ஓடுகிறீர்கள் என்றதற்கு, போகும்போது அய்யனார் கோயில் ரோடு, திரும்பும்போது வேறு ரோடு என்று சொல்லிவைத்தார். அவள் நிரப்பி வைக்கும் தண்ணீர் பாட்டிலை ஒரு நாளும் எடுத்துப்போனதில்லை. டீக்கடையில் தண்ணீருக்கா பஞ்சம்? அவர் வீடு திரும்பும்போது அவள் குளித்து ஈரத்தலையோடு நிற்பாள். தன் செருப்பு சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்று ஒரு தடவை சொன்னாள். இவர் அதைக் காதில் வாங்கவில்லை.

நம்பியதோடு விட்டாளா? பந்தயத்துக்கு அவர் பேரையும் அவளே கொடுத்துவிட்டாள்.

"இம்புட்டு நாள் ஓடியிருக்கீக. பத்துப் பேரு பாக்கட்டுமே," என்றாள். "எல்லைக்கோட்டுல உங்களுக்கு முன்னாலயே போயி நிப்பேன்."

பஸ்ஸில் போய் நிற்பாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அந்த முகத்தைப் பார்த்து அவருக்கு வாய் வரவில்லை.

வைகுண்டராஜுக்குப் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சுருளைப் பாக்கெட்டில் போட்டு வந்திருந்தார். புளியமரத்தடியில் உட்கார்ந்து முழங்காலில் சுற்றினார். அடிபட்டும் விடாமல் நடந்தே வந்தார் என்று பேராவது மிஞ்சும். தொழில் பழக்கம், கட்டு பிரமாதமாக அமைந்துவிட்டது. அதுதான் வினை. நாலு எட்டு நொண்டுவதற்குள் பின்னால் வந்த ஆம்புலன்ஸ் கட்டைப் பார்த்து நின்றது. எலினா என்ற நர்ஸ் இறங்கினாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். இவ்வளவு வலியிலும் வீம்பைப் பார் என்று அவளுக்கு மதிப்புக் கூடியதுதான் மிச்சம். கைத்தாங்கலாக ஏற்றிப் படுக்கவைத்துவிட்டாள்.

உள்ளே கட்டை அவிழ்த்தாள். கீறல்கூட இல்லை.

"வலி இந்தக் கால்லதான?" என்று அமுக்கிப் பார்த்தாள்.

"அந்தக் கால்லம்மா," என்று அவசரத்தில் சொல்லிவிட்டார்.

அவள் துணியைப் பத்திரமாகச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள்.

கடைசி ஆளுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஊர்ந்தது. கடைசி ஆள் எழுபது வயதுப் பெரியவர், வெறுங்கால். வழி நெடுக வைகுண்டராஜ் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். தினமும் ஒரு மணி நேரம், அந்த டீக்கடையில் என்னத்தைக் கண்டோம்? வெறும் வடை. அதற்காக அவளை மூன்று மாதம் ஏமாற்றியிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். இறங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு கட்டினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி எல்லைக்கோட்டைத் தேடினார். சொன்னபடியே மாரிச்செல்வி அங்கே நின்றுகொண்டிருந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த பனியனில் நம்பர் குத்தியிருந்தது. கழுத்தில் மெடல். கையில் அவருடைய நீலத் தண்ணீர் பாட்டில். அவர் வரும் வழியையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 அவள் இவருடைய மனைவி என்று தெரியாத எலினா, பின்னாலேயே இறங்கி வந்து அந்தப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள்:

"அந்த அக்காவப் பாருங்க, பொம்பளைகள்ல மூணாவது. அய்யனார் கோயில் ரோட்டுல எங்க வீட்டத் தாண்டித்தான் மூணு மாசமா தினம் ஓடுவாக. ஏங்க்கா இப்படி ஓடுறீகன்னு கேட்டா, 'எங்க வீட்டுக்காரரு தண்ணி பாட்டில மறந்துட்டு முன்னால போயிட்டாரு, எம்புட்டு ஓடியும் ஒரு நாளும் எட்டிப் பிடிக்க முடியல'ம்பாக."