வேலியடியில் குழந்தை இயேசு

மாலக்கி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலியடிக்குப் போய்ப் பார்த்தார். குழந்தை இயேசு கிரீடமும் சிவப்பு அங்கியுமாக அங்கேயே நின்றார். மழைதான் நிற்கவில்லை.

வெயில் வேண்டுமென்றால் பிராக் குழந்தை இயேசுவின் சிலையை மாலையே வெளியே வைத்து, ராத்திரி முழுக்க அங்கேயே விட்டுவிட வேண்டும். இந்த லீட்ரிம் பக்கத்துக் கிராமங்களில் கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். மாலக்கி வீட்டில் கல்யாணம் இல்லை. கொழுந்தியா டிம்ப்னா டப்ளினிலிருந்து ஒரு வாரம் தங்க வருகிறாள்.

டப்ளினில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு இது இங்கே முதல் கோடை. ஜூனில் மழை, ஜூலையில் மழையோடு காற்று. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. தோட்டத்து மேசையில் பாசி பிடித்தது. ஞாயிறுதோறும் டிம்ப்னா போன் செய்து, அந்தச் சேற்றை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பச் சொல்வாள். போன வாரம் மனைவி நோரீன் பதில் சொன்னது மாலக்கியின் காதில் விழுந்தது.

"இந்தக் கோடை எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்ளினுக்குத் திரும்புவதைவிடக் கல்லறைக்குப் போகலாம் என்று இருந்தார். டிம்ப்னா இருக்கும் ஒரு வாரமாவது வெயிலடித்தால் அவள் வாயை அடைக்கலாம். எதிர்வீட்டுக் கிழவி பிரைடியிடம் சிலையை இரவல் வாங்கியது அதற்குத்தான்.

ஒரு விஷயம் மட்டும் தெம்பு கொடுத்தது. ராத்திரியெல்லாம் கொட்டிய மழையிலும் சிலை அநேகமாகக் காய்ந்தே இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு வேறு. கோழிகளைத் திறந்துவிட அவருக்கு முன்பே எழுந்துவிடும் நோரீனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அற்புதந்தாங்க" என்று அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

சிலை கிழக்கே பார்க்க வேண்டும் என்றார் தபால்காரர். மாலக்கி திருப்பி வைத்தார், ஆலங்கட்டி விழுந்தது. தலை உடைந்த சிலைக்குத்தான் சக்தி, ஆனால் அது தானாக உடைய வேண்டும் என்றார்கள் மதுக்கடையில். காற்று தள்ளிவிடட்டும் என்று மதில்மேல் வைத்தார். அந்தக் கோடையிலேயே காற்றில்லாத நாள் அன்றுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகப் போன மாலக்கியின் முழங்கை 'தெரியாமல்' பட்டது. தலை கழன்று சாக்கடையில் உருண்டது. அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் இரண்டு பூட்ஸிலும் தண்ணீர்.

இரவல் பொருள் ஆயிற்றே என்று பசை போட்டார். அந்த ஈரத்தில் பசை எங்கே காயும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, குழந்தை இயேசு தலையைச் சாய்த்து மாலக்கியையே சந்தேகமாகப் பார்த்தார். அன்று பெய்த மழையில் பாதை முழுகியது. பக்கத்து வீட்டு 'விற்பனைக்கு' பலகை மிதந்து இவர் வாசலுக்கே வந்துவிட்டது.

மறுநாள் டிம்ப்னா முழங்கால் தண்ணீரில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருப்பதாகச் சொன்ன ஏரி எங்கே என்று கேட்டாள். மாலக்கி மூடுபனியைக் காட்டினார். ஒரு வாரம் தங்க வந்தவள் விடிந்ததும் கிளம்பிவிட்டாள். நோரீன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க வழியனுப்பினாள். எல்லாம் முடிந்தது என்று மாலக்கிக்குத் தோன்றியது.

சிலையைக் கையிலும் மறுபடி கழன்ற தலையைச் சட்டைப்பையிலுமாகக் கொண்டுபோய் பிரைடியிடம் நீட்டினார். நடந்ததைச் சொன்னார்.

"மன்னிச்சிடுங்க. இதுக்குச் சக்தி இல்ல. நாங்க டப்ளினுக்கே போயிடுவோம்போல."

பிரைடி தலையை வாங்கித் துடைத்து, அது இருக்கவேண்டிய இடத்தில் பொருத்திப் பார்த்தாள்.

"ராத்திரி வெளியே இருந்தாத்தானப்பா இது வேலை செய்யும்? வெயிலப் பார்த்தா டிம்ப்னா உங்க பக்கத்து வீட்டை வாங்கிடுவாளேன்னு பயந்து, நீ தூங்கினதும் தினமும் இதை என் அடுப்புப் பக்கத்துல கொண்டுவந்து வச்சதே உன் பொண்டாட்டிதான்."